திருத்தணிக்குப் போகும் காணிக்கைக்குள் என்ன இருக்கிறது தெரியுமா?

திருத்தணி மலைக்கு 365 படிகள், வருஷத்தில் நாளுக்கு ஒன்று. இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தப் படிகளில் பக்தர்கள் சுமந்துபோகிற கற்கண்டின் இனிப்பு, எலுமிச்சையின் புளிப்பு, அரளி மாலையின் சிவப்பு, சந்தனத்தின் வாசம், காவடியில் செருகிய மயிற்பீலியின் நீலம், கடைசியில் மழித்துக் கொடுக்கிற தலைமுடியின் கறுப்பு... இத்தனையும் ஏதோ ஓர் உயிரின் செல்லுக்குள் ஒரு பையிலோ ஒதுக்குப்புறத்திலோ கிடந்த சரக்கு என்பது தெரியுமா? சில, செல் பிற்பாடு சாப்பிடலாம் என்று பத்திரப்படுத்தியவை. சில, எனக்கு வேண்டாம் என்று தள்ளி வைத்தவை. ஆறுபடை வீடுகளில் ஐந்தாவதான தணிகைமலைக்கு நாம் கொண்டுபோவதில் பாதிக்கு மேல் செல்லின் கிடங்குப் பொருளும் கழிவுப் பொருளும்தான்!

கற்கண்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணிக்கு வந்தபோது, முதியவர் வேடத்தில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டைப் போட்டார், அந்தத் தித்திப்பில்தான் முதல் கீர்த்தனை பிறந்தது என்று கர்நாடக சங்கீத உலகம் சொல்லும். அந்தக் கற்கண்டு எந்த ஊர்க் கரும்போ, யார் கண்டார்கள்? இன்றைக்கு என்றால் வெகுதூரம் தேட வேண்டாம். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்தார் என்கிறார்களே, அந்தத் திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது.

கரும்புக்குள் சர்க்கரை எங்கே இருக்கிறது தெரியுமா? தண்டு முழுக்கச் சாறு தளும்பிக்கொண்டிருப்பது போலத் தெரியும். அப்படி இல்லை. தண்டின் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெரிய பை இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் நுண்குமிழ் என்று போட்டிருக்கும், ஆசிரியர்கள் பெரும்பாலும் வாக்குவோல் என்பார்கள். பெயரில்தான் நுண்மை! முற்றிய தாவர செல்லில் 90 சதவீதம் இடத்தை இந்த ஒற்றைப் பையே பிடித்துக்கொள்ளும். உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம் எல்லாம் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான். கரும்பின் சர்க்கரையில் பெரும்பங்கு இந்தப் பைகளுக்குள்தான் தேங்குகிறது. நன்றாக முற்றிய கரும்பின் சாற்றில் 18 முதல் 20 சதவீதம் சர்க்கரை. ஆலைக்கு வரும் ஒவ்வொரு டன் கரும்பிலிருந்தும் ஏறத்தாழ 90 முதல் 100 கிலோ!

கரும்பு வெட்டும்போது கொழுந்தாடையைக் கழித்துவிட்டுத்தான் லாரி ஏற்ற வேண்டும் என்று ஆலைக்காரர்கள் ஏன் அடம்பிடிக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? எடைக்காக மட்டும் இல்லை. நுனிக் கணுக்களில் உள்ள செல்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். அங்கே அதே வாக்குவோல்களுக்குள் இன்வர்ட்டேஸ் என்ற நொதி மும்முரமாக இருக்கும். அது சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்து வளர்ச்சிக்குக் கொடுத்துவிடும். உடைந்த சர்க்கரை படிகமாகாது; ஆலைக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. அடிக்கணுக்கள் முற்ற முற்ற இந்த நொதி அடங்கிவிடும், சர்க்கரை தங்கும். அடிக்கரும்பு இனிப்பாகவும் நுனிக்கரும்பு சப்பென்றும் இருக்கிற சங்கதி இதுதான். அறுவடை நெருங்கும்போது விவசாயி தண்ணீரைக் குறைப்பதும் யூரியாவை நிறுத்துவதும் இதே கணக்கில்தான்: செடிக்கு மறுபடி வளரும் ஆசை வந்துவிட்டால் சர்க்கரைக் கட்டுமானம் இறங்கிவிடும். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைவைக்குப் போகாவிட்டாலும் அதே கதி. செத்த செல்லில் பையின் சவ்வு தளர்ந்து, நொதியும் பாக்டீரியாவும் சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்துவிடும். ஆலை வாசலில் லாரி வரிசையில் கரும்பு காய்கிற ஒவ்வொரு மணி நேரமும் பைகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. கோவையில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் நூறு வருஷமாக ஒன்றன்பின் ஒன்றாக ரகம் ரகமாகக் கொடுத்து வருவதில், தமிழ்நாட்டு வயல்களில் கொடிகட்டிப் பறக்கும் கோ 86032 உட்பட, பெரும் பாடு இந்தப் பையை இன்னும் கொஞ்சம் நிரப்புவதற்குத்தான்!

நம் பழைய வீடுகளின் கொல்லைப்புறம் நினைவிருக்கிறதா? கிணறு அங்கே, விறகு அங்கே, குப்பைக்குழியும் அங்கேயே. தாவர செல்லுக்கு வாக்குவோல் அப்படி. தண்ணீர், சர்க்கரை, அமிலம், நிறம், விஷம், உப்பு, செரிக்கும் நொதி எல்லாம் ஒரே பைக்குள். விலங்கு செல்லில் இந்த வேலைகளுக்குத் தனித்தனியாகச் சின்னச் சின்னப் பைகள். தாவரத்துக்குச் சிறுநீரகம் கிடையாது, வியர்வை கிடையாது. வேண்டாததை எங்கே கொட்டும்? உள்ளேயே!

புது வண்டி வாங்கினால் நேரே திருத்தணிக்கு விட்டு, பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோமே, அப்போது உடைவது எவ்வளவு பெரிய அணைக்கட்டு தெரியுமா? எலுமிச்சைச் சுளையின் சாற்றுச் செல்லில் வாக்குவோலுக்கு உள்ளே பி.எச். ஏறத்தாழ 2. அதே செல்லில், சவ்வுக்கு இந்தப் பக்கம் பி.எச். 7. அதாவது உள்ளே அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் வெளியே இருப்பதைவிட ஒரு லட்சம் மடங்கு! நடுவே இருப்பது கண்ணுக்குத் தெரியாத கொழுப்புச் சவ்வு ஒன்று. அதில் பதிந்திருக்கும் புரதப் பம்புகள் ராப்பகலாக அயனிகளை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பம்பு வேலை செய்யாத ரகங்களும் உண்டு. அவற்றின் சாறு புளிக்கவே புளிக்காது.

புளிப்பு என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரணகள்ளி தெரியுமா? இலையைக் கிள்ளிப் போட்டால் விளிம்பெல்லாம் குட்டிச்செடி முளைக்குமே, கிராமத்தில் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்பார்களே, அதுதான். அந்த இலையை விடியற்காலையில் மென்றால் புளிக்கும். மத்தியானம் மென்றால் ஒரு ருசியும் இருக்காது. சாயங்காலம் லேசாகக் கசக்கும். ஒரே செடி, ஒரே இலை! இதை முதன்முதலில் எழுதி வைத்தவர் யார் தெரியுமா? தரங்கம்பாடிக்கு 1792-இல் மொராவியன் சபையின் ஊழியராக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகி, 1819-இல் சென்னையில் காலமான பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர். இந்தியாவில் தாம் வளர்த்த செடியைப் பற்றி 1813-இல் லாம்பெர்ட் என்ற தாவரவியலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1815-இல் அச்சிட்டது. கருவி இல்லை, ரசாயனம் இல்லை, வெறும் நாக்கு! காலையில் ஒரு தரம், உச்சியில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் என்று இலையை மென்று பார்த்த மனிதரின் பொறுமைக்கே ஒரு கும்பிடு போடலாம்.

என்ன நடக்கிறது? வெயில் ஊரில் பகலில் இலைத்துளையைத் திறந்தால் தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போய்விடும். அதனால் ரணகள்ளி ராத்திரியில்தான் துளையைத் திறக்கும். உள்ளே வரும் கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கி வாக்குவோலுக்குள் ராத்திரி முழுக்க நிரப்பும். விடியும்போது பை நிறையப் புளிப்பு. பொழுது ஏறியதும் துளையை மூடிக்கொண்டு, பையிலிருந்து அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, வாயுவைப் பிரித்து, வெயிலைக் கொண்டு சர்க்கரை சமைக்கும். மத்தியானத்துக்குள் சரக்கு தீர்ந்துவிடும், புளிப்பும் போய்விடும். ஹெய்ன் நாக்கில் கண்டதன் முழு வேதியியல் துலங்க ஆரம்பித்தது 1940-களில்தான். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று! திருத்தணியைச் சுற்றிய கல்லுமலைகள் மாதிரி இடங்களில் வறட்சிக்கு அசையாமல் நிற்கும் கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் இதே வித்தைக்காரர்கள். அன்னாசியும் இந்தக் கூட்டம்தான்.

பூவுக்கு வருவோம். ஆடிக் கிருத்திகைக்கு மலையே மஞ்சள் வேட்டியும் புஷ்பக் காவடியுமாக இருக்கும். அந்த மாலையிலிருந்து ஒரு செவ்வரளி, ஒரு துலுக்க சாமந்தி எடுத்துத் தனித்தனி டம்ளரில் வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். அரளித் தண்ணீர் சாயம் ஏறும். சாமந்தித் தண்ணீர் லேசில் ஏறாது. காரணம் தெரியுமா? அரளியின் சிவப்பு ஆந்தோசயனின். வாக்குவோல் சாற்றில் கரைந்து கிடப்பது. வெந்நீரில் சவ்வு கிழிந்ததும் வழிந்துவிடும். சாமந்தியின் மஞ்சள் கரோட்டினாய்டு; கணிகம் என்ற வேறொரு நுண்ணுறுப்புக்குள் கொழுப்போடு ஒட்டிக் கிடப்பது; தண்ணீருக்கு மசியாது. செம்பருத்தியை ஊறவைத்த தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் பளீரென்று சிவக்கிறதே, அதுவும் ஆந்தோசயனின்தான். பையின் பி.எச். மாறினால் பூவின் நிறமே மாறும். ஜப்பானில் 1995-இல் ஒரு நீல நிறக் காலைமலரின் இதழ் செல்லுக்குள் நுண்மின்முனையைச் செருகிப் பார்த்தார்கள். மொட்டு செம்மையாக இருக்கும்போது வாக்குவோலின் பி.எச். 6.6, மலர்ந்து வான்நீலமாகும்போது 7.7. நிறமி அதேதான்!

அரளிக்குள் நிறம் மட்டுமா இருக்கிறது? இதயத்தை நிறுத்தும் ஒலியாண்ட்ரினும் இருக்கிறது. இப்படிப்பட்ட விஷங்களைத் தாவரங்கள் பெரும்பாலும் வாக்குவோலுக்குள் அடைத்து வைப்பதுதான் வழக்கம். கேரளத்தில் திருவாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் 2024 மே மாதம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி கூடாது என்று நிறுத்தியது நினைவிருக்கும். மாலையாகப் போடுவது வேறு. வாயில் போடும் பொருளோடு சேர்ப்பது வேறு. நம் கோயில்களும் இதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

அடுக்களைக்குள் ஓர் எட்டு! வாழைத்தண்டை நறுக்கியதும் ஏன் கறுக்கிறது? வாக்குவோலில் இருந்த பீனால்களும் வேறிடத்தில் இருந்த ஆக்சிடேஸ் நொதியும் கத்தி பட்டதும் ஒன்று கலந்துவிடுகின்றன. மோரில் போட்டால் அமிலம் அந்த நொதியை மட்டுப்படுத்திவிடும். பாட்டிகளுக்கு நொதி தெரியாது, விஷயம் தெரியும். வெங்காயம் ஏன் அழவைக்கிறது? அலினேஸ் நொதி பைக்குள்ளும், அது உடைக்க வேண்டிய கந்தகச் சேர்மம் பைக்கு வெளியிலும் இருக்கின்றன; வெட்டினால் இரண்டும் சந்திக்கும். அதற்குப் பிறகு கண்ணீர் வாயுவை உண்டாக்க இன்னொரு நொதியும் வேண்டும் என்று கண்டுபிடித்த ஜப்பானியர்களுக்கு 2013-இல் இக்நோபல் பரிசு கிடைத்தது, சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைப்பதற்கான பரிசு. முழுக் கடுகு சாது, அரைத்த கடுகு காரம்: அதே கதை. கருணைக்கிழங்கு தொண்டையை ஏன் அரிக்கிறது? சில செல்களின் வாக்குவோலில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாகப் படிகமாகி அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். மிகுதியான கால்சியத்தை ஒதுக்கின மாதிரியும் ஆச்சு, கடிக்க வருகிறவனுக்குப் பாடம் புகட்டின மாதிரியும் ஆச்சு!

மலையடிவாரத்தில் கூம்புப் பொட்டலத்தில் விற்கும் வேர்க்கடலையில் ஏறத்தாழ பாதி எடை எண்ணெய். அது செல்லுக்குள் துளித்துளியாக, ஒவ்வொன்றும் மெல்லிய போர்வை போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். விதை முளைக்கும்போது அந்த எண்ணெயைச் செடி சர்க்கரையாக மாற்றிவிடும். நம் உடம்பால் கொழுப்பு அமிலத்தை அப்படி மாற்ற முடியாது! அந்த வேலையைத் தொடங்கிவைக்கும் கிளையாக்சிசோம் என்ற நுண்ணுறுப்பை 1967-இல் கண்டுபிடித்தது எதில் தெரியுமா? முளைவிட்ட ஆமணக்கு விதையில்.

சந்தனத்தைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். திருத்தணி முருகனுக்குச் சாத்தும் சந்தனம் இந்திரன் காணிக்கையாகக் கொடுத்த கல்லில் அரைக்கப்படுகிறது என்பது தலபுராணம். அந்த வாசனை மரத்தின் உயிருள்ள வெளிப்பாகத்தில் இல்லை. நடுவில் செத்துப்போன வைரக்கட்டையில்தான் இருக்கிறது. மரம் பருக்கும்போது உட்பக்கத்துச் செல்கள் தங்கள் கையிருப்பு மாவுச்சத்தையெல்லாம் கரைத்து, எண்ணெய், பிசின், நிறமி என்று ஆக்கி அங்கேயே கொட்டிவிட்டு மடிந்துவிடும். மரத்துக்கு அது ஒதுக்குப்புறம். பூஞ்சையும் கரையானும் எளிதில் அண்டாத ஒதுக்குப்புறம். சந்தனமரம் நல்ல வைரம் வைக்க 25, 30 வருஷம் பிடிக்கும். அப்படியே எல்லை தாண்டி வடமேற்கே சேஷாசலம் காட்டுக்குப் போனால் அங்கே செம்மரம். உலகில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். அதன் சிவப்பும் இப்படி வைரக்கட்டையில் மரம் ஒதுக்கிய நிறமிதான். 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் ஆந்திரப் போலீஸ் துப்பாக்கியால் செத்துப்போன 20 பேரும் அந்தச் சிவப்பை வெட்டப் போனார்கள் என்றுதான் சொல்லப்பட்டது. கூலிக்குப் போன தமிழர்கள்.

சரி, நம் உடம்புக்கு வருவோம். நம் செல்லின் செரிமானப் பைக்கு லைசோசோம் என்று பெயர். ஏறத்தாழ 60 வகை நொதிகள். புரதம், கொழுப்பு, சர்க்கரைச் சங்கிலி, டி.என்.ஏ. எதையும் விட்டுவைக்காது. உள்ளே அமிலத்தன்மை வெளியைவிட நூறு மடங்குக்கும் மேல். பை கசிந்தாலும் உடனே ஆபத்தில்லை, ஏனென்றால் அந்த நொதிகளுக்கு அமிலம் இருந்தால்தான் கை ஓடும். லைசோசோமைக் கண்டுபிடித்த விதம் இருக்கிறதே! பெல்ஜியத்தின் லூவென் நகரில் 1949-இல் கிறிஸ்தியான் டி டூவ் இன்சுலினைப் பற்றி ஆராயப் போய், எலியின் ஈரலை மெதுவாக அரைத்து ஒரு பாஸ்ஃபடேஸ் நொதியை அளந்தார். வர வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. எங்கோ தப்பு என்று கொட்டிவிடவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்தார். ஐந்து நாள் கழித்து அதே கரைசலை அளந்தால் முழு அளவும் இருக்கிறது! நொதி ஏதோ சவ்வுப் பைக்குள் பூட்டிக் கிடந்து, பை பழசாகிக் கிழிந்ததும் வெளியே வந்திருக்கிறது என்று ஊகித்தார். ஒரு பையையும் கண்ணால் பார்க்காமலேயே 1955-இல் பெயரும் வைத்துவிட்டார். அலெக்ஸ் நோவிகாஃப் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைப் படம் பிடித்ததும் அதே வருஷம். டி டூவுக்கு 1974-இல் நோபல்.

இந்த லைசோசோமுக்கு ஒரு பங்காளி உண்டு. முடிகாணிக்கை கொடுக்கும்போது கத்தியோடு வருவது அதுதான்! மயிர்க்காலின் அடியில் மெலனோசைட் என்ற செல்கள் மெலனோசோம் என்ற பைகளுக்குள் கறுப்பைக் காய்ச்சி, பைகளோடு அப்படியே பக்கத்துச் செல்லுக்குத் தள்ளிவிடுகின்றன. அந்தப் பக்கத்துச் செல்கள் கெரட்டினால் நிறைந்து, தங்கள் உட்கருவையும் மற்ற நுண்ணுறுப்புகளையும் தாங்களே செரித்துவிட்டுச் செத்து, மயிராக மேலே வருகின்றன. தப்பிப் பிழைப்பது கறுப்புப் பை மட்டும். லைசோசோமும் மெலனோசோமும் ஒரே வம்சம் என்பதால் ஒன்றைக் கையாளும் மரபணு பழுதானால் இன்னொன்றும் அடிபடலாம். குழந்தைக்குத் தலைமுடி வெள்ளிபோல் மின்னி, அடிக்கடி கடுமையான தொற்றும் வந்தால், டாக்டர் முதலில் ஒரு முடியைச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். கறுப்பு சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாக உறைந்திருந்தால் கிரிசெல்லி நோயாக இருக்கலாம். நிறப்பையை நகர்த்தும் அதே புரதம்தான் நோயெதிர்ப்புச் செல்லின் கொல்லும் பைகளையும் வெளியேற்ற வேண்டும். அது இல்லாவிட்டால் முடியும் வெளுக்கும், காவலும் போகும். மொட்டையடித்துக் கீழே விழும் ஒரு மயிர் எவ்வளவு சொல்கிறது பாருங்கள்!

அட, மயிலை மறந்தோமே! மயிற்பீலியில் நீல நிறமி ஒரு துளிகூடக் கிடையாது தெரியுமா? இடித்துப் பொடியாக்கினால் பழுப்புதான் மிஞ்சும். அதே மெலனோசோம் குச்சிகள் பீலியின் நுண்ணிழைகளில் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. இடைவெளி சுமார் 140 நானோமீட்டர் என்றால் நீலம். 150 என்றால் பச்சை. இன்னும் கொஞ்சம் விலகினால் மஞ்சள். ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கில் நிறம் மாறுகிறது! ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட மைக்ரோகிராஃபியாவில் தக்கையின் செல்களை உலகுக்கு முதன்முதலாகக் காட்டினார் என்று படித்திருப்போம். அதே புத்தகத்தில் மயிற்பீலியையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, தண்ணீரில் நனைத்தால் அந்த நிறம் மறைவதையும் எழுதியிருக்கிறார்.

கிருத்திகை விரதம் இருப்பவர்கள் கேட்க வேண்டியது இது. பட்டினி கிடக்கும் செல் என்ன செய்யும்? தன்னையே கொஞ்சம் தின்னும்! பழுதான மைட்டோகாண்ட்ரியா, கட்டிதட்டிய புரதம் என்று சுற்றி வளைத்து, இரட்டைச் சவ்வில் கட்டி, லைசோசோமில் கொண்டுபோய்ச் சேர்த்து, அமினோ அமிலமாக உடைத்து மறுபடி பயன்படுத்தும். ஜப்பானின் யோஷினோரி ஓசுமி 1988-இல், நாற்பதைத் தாண்டிய வயதில், சொந்த ஆய்வுக்கூடம் கிடைத்ததும் எடுத்துக்கொண்டது யாரும் சீந்தாத யீஸ்டின் வாக்குவோலை. பைக்குள் செரிக்கும் நொதிகள் இல்லாத யீஸ்டைப் பட்டினி போட்டார். செரிக்க முடியாமல், உருண்டை உருண்டையாகச் சரக்கு வாக்குவோலுக்குள் குவிந்து துள்ளுவதைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்த்தார். 2016-இல் மருத்துவ நோபல், வேறு யாரோடும் பங்கில்லாமல். விரதத்தால் இன்ன நோய் தீரும் என்று இதைக் காட்டி வாட்ஸ்அப்பில் அளப்பவர்களை நம்ப வேண்டாம். யீஸ்டிலும் எலியிலும் கண்டதை மனிதனின் விரத மணிக்கணக்கோடு கோத்துவிட முடியாது. ஆனால் எலியில் கண்டதே போதும் மூச்சுமுட்ட: பிறந்த குட்டிக்குத் தொப்புள்கொடி அறுந்து முதல் பால் கிடைக்கும் வரையிலான இடைவெளியில் இந்தத் தன்செரிமானம் திடீரென்று எகிறும். இதற்கு வேண்டிய ஒரு மரபணுவை நீக்கிய குட்டிகள் ஒரு நாளுக்குள் செத்துவிட்டன என்று 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டாலும் தசையில் இது கூடுகிறது என்று 2012-இல் இன்னொரு ஆய்வு. படி ஏறுங்கள், தப்பில்லை!

நீங்கள் ஒரு படி ஏறும் நேரத்தில், அதாவது ஒரு நொடியில், உங்கள் உடம்பு எத்தனை கிழட்டுச் சிவப்பணுக்களை விழுங்கிச் செரிக்கிறது தெரியுமா? ஏறத்தாழ 24 லட்சம். 120 நாள் ஓடிக் களைத்தவற்றை மண்ணீரலிலும் ஈரலிலும் உள்ள பெருவிழுங்கிச் செல்கள் பிடித்து, தங்கள் லைசோசோமில் கரைத்து, இரும்பைத் திரும்ப எடுத்துக்கொடுக்கின்றன. நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இப்படி மீட்கப்படுகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். கண்ணிலும் இந்த விழுங்கல் உண்டு. விழித்திரையில் ஒளி வாங்கும் செல்கள் தினமும் தங்கள் நுனியில் பத்தில் ஒரு பங்கை உதிர்க்கும். பின்னால் இருக்கும் நிறமிச் செல்கள் அதை விழுங்கிச் செரிக்கும். எலிகளில் இது விடிந்த கையோடு நடக்கிறது. இருட்டறையில் வைத்தாலும் அதே நேரத்துக்கு நடக்கிறது!

இந்தப் பைகளில் ஒரே ஒரு நொதி இல்லாமல் பிறந்தால்? செரியாத சரக்கு வருஷக்கணக்கில் குவியும். கௌஷே நோயில் பெருவிழுங்கிச் செல்களில் ஒருவகைக் கொழுப்பு தேங்கித் தேங்கி, குழந்தையின் மண்ணீரல் வயிறு முட்ட வீங்கிவிடும். இல்லாத நொதியை வெளியிலிருந்து ரத்தத்தில் ஏற்றலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆயுள் முழுக்க. விலை? இதுபோன்ற அரிய நோய்களில் சிலவற்றுக்குப் பத்துக் கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்கே வருஷத்துக்கு 10 லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு மேலும் ஆகலாம் என்று 2021-இன் தேசிய அரியவகை நோய்க் கொள்கையே சொல்கிறது. எடை ஏற ஏறச் செலவும் ஏறும். மத்திய அரசின் உதவி 50 லட்சம் ரூபாய் வரை. கணக்கைப் பெற்றவர்கள் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கௌஷே நோய்க்கு ஏற்றும் நொதியை எங்கே தயாரிக்கிறார்கள் தெரியுமா? ஒரு வழி, வெள்ளெலியின் செல்களில். அங்கே தயாராகும் நொதியின் மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகக் கத்தரித்து, மானோஸ் என்ற சர்க்கரை வெளியே தெரியும்படி செய்தாக வேண்டும். மானோஸைப் பார்த்தால்தான் பெருவிழுங்கி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இஸ்ரேல் நிறுவனம் ஒன்று வேறு வழி கண்டது. கேரட் செல்! மனித மரபணுவைக் கேரட் செல்லுக்குள் வைத்து, உருவாகும் நொதியை நேரே அதன் வாக்குவோலுக்கு அனுப்பினார்கள். கேரட்டின் வாக்குவோலே சங்கிலியைக் கத்தரித்து, மானோஸ் வெளியே தெரிய, லைசோசோமுக்குப் போகத் தோதாகச் சரக்கைத் தயார் செய்து வைத்துவிட்டது. யாரும் தனியாகக் கத்தரிக்க வேண்டியிருக்கவில்லை. 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அனுமதி கொடுத்தது. மனிதர்களுக்கு ஏற்றத் தாவர செல்லில் தயாரித்து அந்த நிர்வாகத்தின் அனுமதி பெற்ற முதல் புரத மருந்து அதுதான்.